ஒரு நாள் லீவு இருக்கு: சண்டே மார்க்கெட்டா, வார நாள் பாண்டியா, இல்ல கடலூரா?

நெய்வேலி, விழுப்புரம், சிதம்பரம், திண்டிவனம் பக்கத்துலேர்ந்து நெறைய பேர் கேக்குற கேள்வி இது. ஒரு நாள்தான் லீவு, நல்லா சாப்டணும், சந்தையில சுத்தணும், சுவர்ல வரைஞ்சிருக்குற படம்லாம் பாக்கணும், பாண்டி போலாமா கடலூர் போலாமா? கேட்ட உடனே பக்கத்துல இருக்குறவங்க "இதுல என்ன யோசன, பாண்டிதான்"னு சொல்லிடுவாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. பாண்டி ஞாயித்துக்கிழமை இருக்குற மாதிரி புதன்கிழமை இருக்காது, கடலூர் திங்கக்கிழமை விடியக்காலம் இருக்குற மாதிரி அன்னிக்கு மத்தியானமே இருக்காது. அதனால எந்த ஊருங்கிறது ரெண்டாவது கேள்வி. என்ன கிழமை, எத்தன மணிக்கு போய் எறங்குவீங்க, கூட யாரு வர்றாங்க, இதுதான் மொத கேள்வி.

இதுல நான் மூணு வழிய எடுத்துக்குறேன். ஒண்ணு, ஞாயித்துக்கிழமை பாண்டி, அதாவது காந்தி வீதி சண்டே மார்க்கெட். ரெண்டு, வார நாள் பாண்டி, பெரிய மார்க்கெட்டும் வீதிகளும். மூணு, கடலூர், முதுநகர் துறைமுகம், திருப்பாதிரிப்புலியூர், சில்வர் பீச், திங்கக்கிழமையா இருந்தா காராமணிக்குப்பம் சந்தையும்.

## எதை வெச்சு அளக்குறோம்

சாப்பாடு. பேரு வாங்குன ஓட்டல் இருக்கான்னு நான் பாக்கல. அந்த ஊர்க்காரங்களே தெனம் காசு குடுத்து சாப்புடுற கடை நடந்து போற தூரத்துல இருக்கா, நாம போற நேரத்துல அடுப்பு எரியுதா, அவ்ளோதான். மெஸ்ஸு, டீக்கடை, கையேந்தி பவன், பேக்கரி எல்லாம் இதுல சேத்தி.

சந்தை. பேரம் பேச முடியணும், பழைய சாமான் கெடைக்கணும், ஒண்ணும் வாங்காம வேடிக்கை பாத்துட்டு நகந்தாலும் யாரும் மூஞ்ச சுளிக்கக்கூடாது.

தெருக்கலை. பெயிண்ட் அடிச்ச பெரிய சுவர் ஓவியம் மட்டும்தான் கலைன்னு எடுத்துக்கிட்டா கடலூர் மொத ரவுண்டுலயே வெளிய போயிடும். வாசல் கோலம், கதவுல இருக்குற மரவேலை, படகு மூக்குல எழுதுற பேரு, கையால வரைஞ்ச கடை போர்டு, தெருப்பேர் பலகை இதையும் நான் கணக்குல வெக்கிறேன், ஏன்னா நம்ம ஊர்ல கலை தெருவுக்கு வந்தது நேத்து இல்ல.

நடை. நிழல், உக்கார எடம், கழிவறை. இத யாரும் எழுத மாட்டேங்கிறாங்க, ஆனா வயசானவங்களோட, கொழந்தையோட போனா நாள் நல்லா போகுதா இல்லையான்னு இதுதான் தீர்மானிக்கும்.

மறைஞ்ச செலவு. பஸ் டிக்கெட்டு, சாப்பாட்டு பில்லுக்கு மேல கையிலேர்ந்து போறது. பணம் மட்டும் இல்ல, நேரமும் போகும்.

மொதல்ல ஒரு பார்வையில மொத்தமும், வெவரம் கீழ இருக்கு.

| | சண்டே மார்க்கெட் | வார நாள் பாண்டி | கடலூர் |
|---|---|---|---|
| சரியான நேரம் | காலை 9லேர்ந்து 11, இல்லன்னா சாயங்காலம் | விடியக்காலத்துலேர்ந்து 1 மணி வரை, அப்புறம் 4க்கு மேல | விடியக்காலம், அப்புறம் சாயங்காலம் |
| சந்தை | துணி, செருப்பு, பாத்திரம், பழைய புத்தகம். பேரத்துக்கு நல்ல எடம் | காய், மீன், பூ, மளிகை. பழைய சாமான் கம்மி | மீன், கருவாடு, காய். வீட்டுக்கு ஒதவுற சாமான் |
| சாப்பாடு | கெடைக்கும், ஆனா கூட்டம் | மூணுல இங்கதான் ரகம் அதிகம் | மீனுன்னா இதுதான் |
| தெருக்கலை | கூட்டத்துல பாக்குறது கஷ்டம் | ரொம்ப நல்லது | சுவர் ஓவியம் கம்மி, படகும் கோயிலும் உண்டு |
| நடை, நிழல் | நெரிசல் | வீதி நேரா இருக்கும், நிழல் உண்டு | எடத்துக்கு எடம் தூரம் |
| மறைஞ்ச செலவு | பார்க்கிங், வார கடைசி ரூம் வாடகை, தேவையில்லாம வாங்குறது | மத்தியானம் கடை மூடுறது, ஒயிட் டவுன் (கடல் பக்கத்து பிரெஞ்சுப் பகுதி) காபி விலை | ஆட்டோ, கழிவறை இல்லாதது, வெயில் |

## 1. ஞாயித்துக்கிழமை: காந்தி வீதி சண்டே மார்க்கெட்

ஞாயித்துக்கிழமை ஆனா மகாத்மா காந்தி வீதியில பல கடைக்கு ஷட்டர் எறங்கியிருக்கும், அந்த ஷட்டருக்கு முன்னாடியே தார்ப்பாய் விரிச்சு, கட்டில் போட்டு, ஹேங்கர் மாட்டி வேற ஒரு கடைத்தெரு மொளைச்சிடும். துணிதான் முக்கால்வாசி. எக்ஸ்போர்ட் மிச்சம்னு சொல்லி குவிச்சு வெச்ச சட்டை, ஜீன்ஸ், நைட்டி, கொழந்தைங்க டிரஸ், அப்புறம் செருப்பு, பை, பிளாஸ்டிக் சாமான், எவர்சில்வர், பொம்மை, செல்போன் கவர், நடுநடுவுல பழைய புத்தகம், செகண்ட் ஹேண்ட் சாமான். எது எடுத்தாலும் ஒரே விலைன்னு கத்துற குரல் ஒரு பக்கம், ஸ்பீக்கர்ல ரெக்கார்டு பண்ணி ஓட விட்ட குரல் இன்னொரு பக்கம்.

இங்க துணி எடுக்குறதுக்கு ஒரு மொறை இருக்கு. குவியல்லேர்ந்து உருவுன சட்டைய மொதல்ல வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிங்க, ஓட்டை இருந்தா ஊசி முனை அளவு வெளிச்சம் தெரியும். அடுத்து அக்குள் தையல், அதுக்கப்புறம் காலர் உள்பக்கம். ஜீன்ஸுன்னா ஜிப்ப மேலயும் கீழயும் ரெண்டு தடவ இழுத்துப் பாருங்க, தொடை நடுவுல தையல் சேர்ற எடத்துல விரல வெச்சு அகட்டிப் பாருங்க. மேல எழுதியிருக்குற சைஸ நம்பாதீங்க, இடுப்பு பாதியக் கழுத்தச் சுத்தி வெச்சுப் பாத்துடுங்க, போட்டுப் பாக்க ரூம் கெடையாது, வாங்குனா வாங்குனதுதான், திருப்பி எடுத்துக்க மாட்டாங்க. அடுத்த ஞாயிறு அதே எடத்துல அதே ஆளு இருப்பாருங்கிற உத்தரவாதமும் கெடையாது.

பேரம் பேசலாம், பேசணும். காலையில மொத ஆளா போய் நின்னா "மொத போணி, நீயே சொல்லு"ன்னு எறங்கி வருவாங்க, ராத்திரி மூட்டை கட்டுற நேரத்துலயும் எறங்குவாங்க, நடுவுல சாயங்காலம் அஞ்சுலேர்ந்து எட்டு வரைக்கும் கூட்டம் முட்டும்போது யாரும் ஒரு ரூவா கொறைக்க மாட்டாங்க. அவங்க பொழப்பும் அந்த ஒரு நாளுலதான் இருக்கு. பத்து நைட்டி போட்டு உக்காந்திருக்குற அக்காகிட்ட கடைசி பத்து ரூவாய்க்கு அடம் புடிக்காதீங்க, அது எனக்குப் புடிக்காத ஒரு பழக்கம்.

சாப்பாட்டுக்கு மார்க்கெட்டுக்குள்ளயே பஜ்ஜி, சுண்டல், கம்பங்கூழு, வெட்டுன பழம் கெடைக்கும். உக்காந்து சாப்டணும்னா தெக்குப் பக்கம் முல்லா வீதி, காஜியார் வீதிப் பக்கம் நடந்துடுங்க, ஞாயித்துக்கிழமை மத்தியானம் பிரியாணி வாசனையே வழி காட்டும். ஒரு மணிக்குள்ள போயிடுங்க, ரெண்டு மணிக்கு அண்டா காலி.

தெருக்கலைக்கு மட்டும் ஞாயித்துக்கிழமை வேணாம்னு தெளிவா சொல்லிடுறேன். சென்னை, பெங்களூர்லேர்ந்து வந்த கூட்டம் மொத்தமும் ஒயிட் டவுன்லதான் இருக்கும், ஒவ்வொரு மஞ்ச சுவருக்கு முன்னாடியும் கேமரா புடிச்சுட்டு நாலு பேர், ஓவியத்த நீங்க பாக்க மாட்டீங்க, ஓவியத்துக்கு முன்னாடி நிக்குறவங்க முதுகதான் பாப்பீங்க. அந்த வீடுங்கள்ல மனுஷங்க குடியிருக்காங்கங்கிறதயும் நெறைய பேர் மறந்துடுறாங்க, வாசப்படியில உக்காந்து போஸ் குடுக்குறது, ஜன்னல் கம்பியப் புடிச்சுத் தொங்குறதுன்னு.

மறைஞ்ச செலவுல மொதல்ல வர்றது வண்டி. பைக்க எங்கயாவது சொருகிடலாம், கார்ல வந்தா தொலைவா விட்டுட்டு நடக்கணும், இல்ல ஆட்டோ புடிக்கணும். தங்குறதா இருந்தா வெள்ளி, சனி ராத்திரி ரூம் வாடகை வார நாள விட நல்லாவே ஏறியிருக்கும். இதையெல்லாம் விட பெரிய செலவு, விலை கம்மியா இருக்குன்னு தேவையில்லாம வாங்குறதுதான். வீட்லேர்ந்து கெளம்பும்போதே என்ன வேணும்னு துண்டுச்சீட்டுல எழுதிட்டு வாங்க, பெரிய துணிப்பை ரெண்டு எடுத்துக்குங்க, பர்ஸ முன் பாக்கெட்ல வைங்க.

இது யாருக்கு: வீட்டுக்கு துணிமணி மொத்தமா எடுக்கணும்னு இருக்குறவங்க, காலேஜ் பசங்க, பழைய புத்தகம் கிளறுறதுல ஆசை உள்ளவங்க, வாரத்துல ஞாயித்துக்கிழமை மட்டுமே லீவு கெடைக்குறவங்க. யாருக்கு வேணாம்: கைக்கொழந்தையோட வர்றவங்க, கூட்டம்னா மூச்சு முட்டுறவங்க, தீபாவளிக்கு முந்தின ஞாயிறுகள்ல யாருமே.

## 2. வார நாள் பாண்டி

மூணுல எதுன்னு என்னக் கேட்டா, லீவு போட முடிஞ்சா இதுக்குத்தான் போடச் சொல்லுவேன், அதுவும் செவ்வாய்லேர்ந்து வியாழனுக்குள்ள. திங்கக்கிழமை மியூசியம் லீவு, வெள்ளிக்கிழமை சாயங்காலத்துலேர்ந்து வெளியூர்க் கூட்டம் எறங்க ஆரம்பிச்சிடும்.

கடற்கரை சாலையில சாயங்காலம் 6லேர்ந்து காலையில 7.30 வரைக்கும் வண்டி விட மாட்டாங்க. அதனால விடியக்காலமே, ஒரு ஆறு மணிக்கு அங்க நின்னீங்கன்னா ரோடு மொத்தமும் நடக்குறவங்களுக்குத்தான். காந்தி சிலைகிட்ட ஆரம்பிச்சு பழைய லைட் ஹவுஸ் (1836ல கட்டுனது) பாத்துட்டு, அப்டியே உள்ள ரோமன் ரோலன் வீதி, சஃப்ரேன் வீதி, டூமாஸ் வீதின்னு நொழைஞ்சிடுங்க. ஏழுலேர்ந்து எட்டரை வரைக்கும் வெயில் சாஞ்சு விழும், மஞ்ச சுவர்ல காகிதப்பூ நிழல் அப்பத்தான் விழும், தெருவுல பால் பாக்கெட் போடுறவரும் வாசல் பெருக்குற அம்மாவும் தவிர யாரும் இல்ல. சுவர் ஓவியத்த நின்னு நெதானமா பாக்க இதுதான் நேரம்.

ஓவியத்தப் பத்தி ஒண்ணு தெரிஞ்சுக்கணும், இன்ன தெருவுல இன்ன ஓவியம்னு லிஸ்ட் வெச்சுட்டு தேடிப் போனா ஏமாந்து போவீங்க. கடல் பக்கத்துல இருக்குற ஊரு, உப்புக்காத்து சுவத்த உரிச்சுக்கிட்டே இருக்கும், ஒரு மழைக்காலம் முடிஞ்சா பெயிண்ட் பொரிஞ்சு நிக்கும், வீட்டுக்காரரு வெள்ளையடிச்சா அதோட போச்சு, புதுசா வேற எங்கயாவது மொளைச்சிருக்கும். அதனால லிஸ்ட்ட விட்டுட்டு தெருவ எடுத்துக்குங்க, எந்த வீதியில நொழைஞ்சாலும் ரெண்டு மூணாவது கண்ணுல படும். அப்புறம் தெரு மூலையில இருக்குற நீல நெற பேர்ப்பலகை, பிரெஞ்சும் தமிழும் சேந்து, அதுவும் என் கணக்குல கலைதான்.

ஆனா பாண்டியோட தெருக்கலைன்னா வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் தமிழ்ப் பகுதியத்தான் நான் முன்னாடி வெப்பேன். பெரிய வாய்க்கால் ஊர ரெண்டா பிரிக்குது, கெழக்க பிரெஞ்சுக்காரங்க கட்டுனது, மேக்க நம்மாளுங்க கட்டுனது, எல்லாரும் கெழக்கயே போட்டோ எடுத்துட்டுத் திரும்பிடுறாங்க. வைசியாள் வீதியில போய் நில்லுங்க. தெருவ ஒட்டி தாழ்வாரம், மரத்தூண், அதுக்குப் பின்னாடி திண்ணை, நடுவுல செதுக்குன கதவு, இது கீழ்த்தளம், அப்டியே தலைய தூக்குனா மாடியில வளைவு ஜன்னல், சுதை வேலை செஞ்ச தூண், பிரெஞ்சு பாணி. ஒரே வீட்டுல கீழ செட்டியார் வீடு, மேல பிரெஞ்சு வீடு. இத எந்தப் பெயிண்டராலயும் சுவர்ல வரைய முடியாது. மார்கழி மாசம் போனா வாசல்ல கோலமும் சேந்துக்கும், விடியக்காலமே போகணும், எட்டு மணிக்கு வண்டி ஏறி அழிஞ்சிடும். அப்டியே ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதிக்கு வந்தா பாரதியார் குடியிருந்த வீடு, 1908லேர்ந்து 1918 வரைக்கும் அவரு இந்த ஊர்லதான் இருந்தாரு.

ஒன்பது மணிக்கு பெரிய மார்க்கெட். போர்டுல குபேர் மார்க்கெட், ஊர்க்காரங்க வாயில பெரிய மார்க்கெட். நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் நடுவுல, உள்ள ஒரு மணிக்கூண்டு, அத அடையாளம் வெச்சுக்கிட்டா தொலைஞ்சு போக மாட்டீங்க. பூக்கடை ஒரு சந்து, வாழையெல வாழைப்பழம் ஒரு சந்து, மளிகை ஒரு சந்து, மீன் பக்கம் போனா சத்தமே வேற, அருவாமணைய காலால அமுக்கிக்கிட்டு மீன் வெட்டுற அம்மாங்க, கை ஓடுற வேகத்துல கண்ணால புடிக்க முடியாது, பேசிக்கிட்டே செதில் சீவி, செவுள உருவி, துண்டு போட்டு தராசுல வெச்சிடுவாங்க. "இன்னா தம்பி, வாங்குறியா போட்டோ புடிக்கிறியா"ன்னு கேப்பாங்க, கோவம் இல்ல அது, ஆனா கேட்டுட்டு போட்டோ எடுக்குறது மரியாதை. இந்த மார்க்கெட்ட இடிச்சுட்டு ஸ்மார்ட் சிட்டி திட்டத்துல புதுசா கட்டணும்னு பேச்சு வந்து, கடைக்காரங்க எதிர்ப்பு தெரிவிச்சதெல்லாம் செய்தியில வந்ததுதான். இந்தச் சந்துகளும் இந்தக் குரலும் இப்டியே இருக்கும்போதே ஒரு தடவ பாத்துடணும்னு நான் நெனைக்கிறேன்.

பக்கத்துலயே ரங்கப்பிள்ளை வீதியில ஆனந்தரங்கப்பிள்ளை வீடு. பிரெஞ்சு கவர்னர் டூப்ளேக்கு துபாஷா, அதாவது மொழிபெயர்ப்பாளரா இருந்தவரு, 1736லேர்ந்து 1761 வரைக்கும் நாட்குறிப்பு எழுதுனவரு. அந்தக் காலத்து பாண்டியில என்ன சரக்கு வந்துச்சு, என்ன விலை போச்சு, யாரு யாரோட சண்ட போட்டாங்கன்னு எல்லாம் அதுல இருக்கு. சந்தையில சுத்திட்டு நேரா அந்த வீட்டப் பாத்தா அந்த தெருவுக்கே வயசு கூடுன மாதிரி இருக்கும்.

சாப்பாட்டுல பாண்டிய அடிச்சுக்க ஆள் இல்ல, ஒரே காலையில எத்தன ரகம். நேரு வீதி இந்தியன் காபி ஹவுஸ், தொழிலாளர்களே சேந்து நடத்துற கூட்டுறவு கடை, அங்க ஒரு காபி. பேக்கரியில நீளமான பிரெஞ்சு ரொட்டி, வெளிய மொறுமொறு, உள்ள பஞ்சு, காலையில சூடா வாங்குனா அப்டியே பிச்சு சாப்டலாம், சாயங்காலம் வாங்குனா ரப்பர். மத்தியானம் மெஸ்ஸுல எல போட்டு மீன் கொழம்பு, இல்ல காசு கொஞ்சம் கூட ஆனாலும் பரவால்லன்னா பிரெஞ்சு பட்டாளத்துல வேலை பாத்த சொல்தா குடும்பங்க சமையல்லேர்ந்து வந்த கிரியோல் சாப்பாடு. ராத்திரி பரோட்டா சால்னா.

பழைய சாமான் சந்தைன்னு கேட்டா வார நாள்ல தெருவுல கெடைக்காது, பழைய மர சாமான், விளக்கு, கண்ணாடி விக்கிற கடைங்க ஊருக்குள்ள இருக்கு, அங்க விலை டூரிஸ்ட் விலை. கையில எதாவது வாங்கிட்டுப் போகணும்னா வில்லியனூர் சுடுமண் பொம்மையும் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மையும் பாருங்க, ரெண்டுக்கும் புவிசார் குறியீடு இருக்கு.

மறைஞ்ச செலவு இங்க பெரும்பாலும் நேரம்தான். மத்தியானம் ஒரு மணிலேர்ந்து நாலு மணி வரைக்கும் பாதி கடை மூடிடும், பழைய பழக்கம், மாறல. அந்த நேரத்துல போய் எறங்குனா வெயில்ல மூடுன ஷட்டரப் பாத்துக்கிட்டு நடக்கணும், வேற வழியில்லாம ஒயிட் டவுன்ல ஏசி கஃபேல உக்காந்து ஒரு காபிக்கு நாலு பேர் டிபன் காசு குடுப்பீங்க. வாடகை ஸ்கூட்டர் எடுத்தா கைரேகை பாக்குற மாதிரி வண்டிய சுத்தி வீடியோ எடுத்துக்குங்க, திருப்பி விடும்போது கீறல் பஞ்சாயத்து வராது.

இது யாருக்கு: அப்பா அம்மாவோட வர்றவங்க, படம் வரையிறவங்க, போட்டோ எடுக்குறவங்க, தனியா நடக்கணும்னு ஆசப்படுற பொண்ணுங்க. யாருக்கு வேணாம்: கம்மி விலையில மூட்டை நெறைய வாங்கிட்டுப் போகணும்னு நெனைக்குறவங்க.

## 3. கடலூர்

பாண்டிலேர்ந்து இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல, முள்ளோடை தாண்டுனா தமிழ்நாடு. இந்த ஊர யாரும் சுத்திப் பாக்குற லிஸ்ட்ல வெக்க மாட்டாங்க, அதுவே இதோட பெரிய பலம், இங்க எந்தக் கடையும் உங்களுக்காக விலை போடல, ஊர்க்காரங்களுக்குப் போட்ட விலைதான் உங்களுக்கும்.

விடியக்காலம் முதுநகர் துறைமுகம். படகு கரைக்கு வந்து, கூடை கூடையா எறக்கி, சுத்தி நின்னு ஏலம் கூவுறது ஒரு கச்சேரி. நீங்க ஏலத்துல எடுக்க முடியாது, அது வியாபாரிங்களுக்கு, ஆனா ஏலம் எடுத்த அம்மாங்க அங்கயே பக்கத்துல கூறு போட்டு விப்பாங்க, சங்கரா, நெத்திலி, கனவா, எறா, நண்டு. நிமிந்து பாத்தா வரிசையா படகு, ஒவ்வொண்ணுலயும் மூக்குல பேரு, கொலதெய்வம் பேரு, அம்மா பேரு, மகள் பேரு, சூரியன், மீனு, சிலுவை, பிறை, கையால எழுதுனது. பாண்டி சுவர்ல இருக்குற ஓவியம் பாக்குறவங்களுக்கு வரைஞ்சது, இது கடலுக்குப் போறவரு தனக்காக எழுதிக்கிட்டது. எனக்கு இதுதான் நெஞ்சுல நிக்குது.

திங்கக்கிழமையா இருந்தா காராமணிக்குப்பம் வாரச்சந்தைய விட்டுடாதீங்க. கடலூருக்குப் பக்கத்துல, கருவாட்டுக்குப் பேர் போன சந்தை. கருவாடு பாத்து வாங்கத் தெரியணும். கையில எடுத்து அழுத்துனா வெரல் பதியக்கூடாது, வளைச்சா வெறைப்பா நிக்கணும். மேல செவப்பாவோ ரோஸ் கலராவோ திட்டு திட்டா இருந்தா கெட்டுப் போக ஆரம்பிச்சிடுச்சுன்னு அர்த்தம், வெச்சிடுங்க. நெத்திலின்னா ஒரு கை அள்ளி பேப்பர்ல கொட்டி தட்டுங்க, மண்ணு எவ்ளோ விழுதுன்னு தெரியும், பேப்பர் ஈரமானா வெயில் பத்தலன்னு தெரியும். வயித்துப் பக்கம் மோந்து பாருங்க, கருவாட்டு வாடை வேற, அழுகுன வாடை வேற, ரெண்டையும் ஒரு தடவ மோந்தவங்களுக்கு மறக்காது. பிளாஸ்டிக் கவர் ரெண்டு, மேல ஒரு துணிப்பை, பஸ்ஸுல பக்கத்து சீட்டு ஆளோட சண்ட வராம இருக்கும்.

மத்த நாள்னா திருப்பாதிரிப்புலியூர் பான்பரி மார்க்கெட், லாரன்ஸ் ரோடு. காய், பழம், பாத்திரம், துணி, நடுவுல டிபன் கடைங்க. பலாப்பழ சீசன்ல பண்ருட்டி பழம் வந்து குவியும், ஏப்ரல்லேர்ந்து ஜூலை வரைக்கும், சொளை வாங்கி அங்கயே நின்னு தின்னுட்டு போலாம், முந்திரியும் வாங்கிக்கலாம். பாடலீஸ்வரர் கோயில் நடந்து போற தூரம்தான், கல்லுல கட்டி கடல்ல போட்ட அப்பர் பெருமான் கரையேறுனது இந்த ஊருன்னு சொல்லுவாங்க, கரையேறவிட்டகுப்பம்னு பேரே இருக்கு.

சாயங்காலம் தேவனாம்பட்டினம் சில்வர் பீச். மணல் அகலமா இருக்கும், பாண்டி கடற்கரை சாலை மாதிரி கருங்கல்லு குவிச்சது இல்ல, கால நனைக்கலாம். வரிசையா தள்ளுவண்டி, மொளகா பஜ்ஜி, சுண்டல், மசாலா தடவி வெச்ச மீனு. மீன் வறுவலுக்கு ஒரே ஒரு விதி, ஏற்கனவே வறுத்து அடுக்கி வெச்சத வாங்காதீங்க, பச்சையா மசாலா தடவுனதக் காட்டி கண்ணு முன்னாடி போடச் சொல்லுங்க, எண்ணெய் கருப்பா இருந்தா அடுத்த வண்டி. கிட்டத்துலதான் புனித டேவிட் கோட்டை இருந்துச்சு, 1690ல கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியர்கிட்ட வாங்குனது, கோட்டையிலேர்ந்து சுத்துப்பக்கமும் குண்டு சுட்டு, அது விழுற தூரம் வரைக்கும் எங்க நெலம்னு எல்லை போட்டாங்க. குண்டு சாலை, குண்டு உப்பலவாடின்னு நீங்க பஸ்ஸுல கேக்குற பேரெல்லாம் அதுலேர்ந்து வந்தது. இப்ப கோட்டைன்னு பாக்க இடிஞ்ச சுவர் கொஞ்சம்தான்.

கொறைய மறைக்கக்கூடாது. எடத்துக்கு எடம் தூரம், முதுநகர் ஒரு மூலை, சில்வர் பீச் ஒரு மூலை, நடந்து முடியாது, ஆட்டோ செலவுதான் பாண்டிய விட இங்க கூட ஆகும், ஏறுறதுக்கு முன்னாடி பேசிடுங்க. பொதுக் கழிவறை சந்தைப் பக்கமும் துறைமுகப் பக்கமும் நம்பிப் போக முடியாது, பொண்ணுங்களோட போறவங்க சாப்புடுற ஓட்டல்லயே பாத்துக்குறது நல்லது. மத்தியானம் பதினொண்ணுலேர்ந்து நாலு வரைக்கும் உக்கார கஃபே, பார்க்குன்னு பெருசா ஒண்ணும் இல்ல. சுவர் ஓவியம்னு எதிர்பாத்துட்டு மட்டும் போகாதீங்க, கட்சி சுவரெழுத்தும் சிமெண்ட் விளம்பரமும்தான் அதிகம்.

இது யாருக்கு: மீன் சாப்பாட்டுக்காகவே பொறந்தவங்க, சமைக்கிறவங்க, வீட்டுக்கு உருப்படியா எதாவது வாங்கணும்னு நெனைக்குறவங்க, பாண்டிய நாலஞ்சு தடவ பாத்து அலுத்தவங்க. யாருக்கு வேணாம்: மீன் வாடை ஆகாதவங்க, மொத தடவ இந்தப் பக்கம் வர்றவங்க.

## காலம் பாத்து முடிவு பண்ணுங்க

ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடை, பெரிய விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு, பைபர் படகு போகும், மீன் வரும், ஆனா ரகம் கம்மி, விலை ஏறும். அந்த ரெண்டு மாசம் மீனுக்காக மட்டும் கடலூர் போறதா இருந்தா தள்ளிப் போடுங்க, கருவாடு, பலாப்பழத்துக்குன்னா போலாம். அதே வெயில்ல சண்டே மார்க்கெட் போறதா இருந்தா சாயங்காலம் மட்டும்.

அக்டோபர் பாதியிலேர்ந்து டிசம்பர் வரைக்கும் மழை. இந்தக் கடற்கரைய தானே புயல் 2011லயும் ஃபெஞ்சல் புயல் 2024லயும் போட்ட போடு ஊருக்கே தெரியும். அந்த மாசங்கள்ல தார்ப்பாய் சந்தைய நம்பி டிக்கெட் போடாதீங்க, மழை வந்தா மூட்டை கட்டிடுவாங்க, அப்ப பெரிய மார்க்கெட்தான் கை குடுக்கும், மேல கூரை இருக்கு. ஜனவரி, பிப்ரவரி மூணுக்குமே நல்லது.

ஆரோவில்லையும் சேக்கலாமான்னு கேப்பீங்க. சேக்காதீங்க, அதுக்கு தனியா ஒரு நாள் வேணும், போக வரவே நேரம் போயிடும், அங்க இருக்குற கடைங்க விலையும் வேற கணக்கு.

## ரெண்டையும் ஒரே நாள்ல முடிக்கணும்னா

முடியும், ஆனா வரிசை முக்கியம். கடலூர் காலையில, பாண்டி சாயங்காலம், இதத் திருப்பிப் போட்டீங்கன்னா துறைமுகத்துல வெறும் கூடையும் காக்காயும்தான் இருக்கும். ஆறு மணிக்கு முதுநகர், எட்டு மணிக்கு திருப்பாதிரிப்புலியூர்ல டிபன், பத்தரை வரைக்கும் மார்க்கெட், திங்கக்கிழமைன்னா அதுக்குப் பதிலா காராமணிக்குப்பம். மத்தியான சாப்பாட்ட கடலூர்லயே மீனோட முடிச்சுட்டு ரெண்டு மணி வாக்குல பஸ் ஏறுனா மூணு, மூணேகாலுக்கு பாண்டி, கடை தொறக்குறதுக்கும் வெயில் சாயுறதுக்கும் சரியா இருக்கும். வைசியாள் வீதி, பெரிய மார்க்கெட், ஆறு மணிக்கு மேல வண்டியில்லாத கடற்கரை சாலை. ஞாயித்துக்கிழமைன்னா சாயங்காலத்த அப்டியே காந்தி வீதிக்கு மாத்திக்குங்க, கடைசி ஒரு மணி நேரம் மட்டும் போதும், அப்பத்தான் விலையும் எறங்கும்.

இந்த வரிசையில பச்ச மீன் மட்டும் வாங்காதீங்க, சாயங்காலம் வரைக்கும் தாங்காது. கருவாடு வாங்குனா பாண்டி பஸ் ஸ்டாண்டுல எறங்குன ஒடனே லக்கேஜ் வெக்குற எடம் இருந்தா அங்க போட்டுட்டு சுத்துங்க. திரும்பும்போது கடலூர் வழியா போறவங்க ஒண்ணு கவனிக்கணும், பாண்டியில விலை கம்மின்னு பாட்டில் வாங்கி பையில வெச்சுக்கிட்டு வந்தா எல்லையில செக்போஸ்ட்ல எறக்கி வெச்சிடுவாங்க, கேஸும் போடுவாங்க, கூட வந்த குடும்பமும் ராத்திரி நேரத்துல ரோட்டுல நிக்க வேண்டி வரும்.